காலடித் தரை

ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோர் ஆட்டக்காரரைப் பற்றியே பேசுவர். வென்றவரைப் போற்றுவர், தோற்றவர்க்கு இரங்குவர். ஆடியவர் காலடியில் கிடந்த தரையை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. வளைகோற் பந்தாட்டமாகிய ஹாக்கியின் வரலாற்றைப் படிக்குந்தோறும் எனக்கு அந்தத் தரையே முதலில் கண்முன் நிற்கிறது.

ஹாக்கி இருவகைப்படும். நாம் அறிந்தது புல்தரையில் பந்தைக் கொண்டு ஆடுவது. குளிர்நாட்டார் ஆடுவது பனிக்கட்டித் தளத்தில், காலில் சறுக்குக் காலணி பூண்டு, பந்துக்கு மாறாக ஒரு தட்டையான வட்டைக் கொண்டு ஆடுவது. உறைந்த குளங்களிலும் ஆறுகளிலும் ஆடப்பட்டு வந்த அவ்வாட்டம், 1875ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் முதன்முதலாக முறையான போட்டியாகக் கூரையின் கீழ் நடைபெற்றது. அணிக்கு ஒன்பதின்மர் ஆடினர். அவர்களுள் மெக்கில் பல்கலைக்கழக மாணவர்களும் இருந்தனர்.

கல்லூரியோடு பிறந்த அந்த உறவு இன்றும் அறுபடவில்லை. அமெரிக்காவில் கல்லூரிகள் பல குழுமங்களாகப் பிரிந்து பருவம் முழுவதும் தம்முள் மோதுகின்றன. மார்ச்சு மாதத்தில் ஒவ்வொரு குழுமமும் தன் வாகையர் போட்டியை நடத்துகிறது. அதில் வெல்லும் கல்லூரி, பதினாறு அணிகள் பங்குபெறும் தேசியப் போட்டிக்கு நேரே தகுதி பெறுகிறது. அத்தேசியப் போட்டி 1948இல் தொடங்கியது. பாஸ்டன் வட்டாரத்துப் பல்கலைக்கழகங்கள் நான்கு 1952 முதல் தமக்குள் ஒரு தனிக் கிண்ணத்திற்கும் போட்டியிட்டு வருகின்றன. மாணவர் ஆட்டத்தைக் காணப் பல்லாயிரவர் திரள்கின்றனர். இதற்குக் காரணம் யாது? இயற்கைப் பனியை நம்பியிருந்த ஆட்டம் இயந்திரப் பனிக்கு மாறியபோது, கல்லூரிகளே தளங்களைக் கட்டின. தரை மாறியது, ஆயினும் அது மாணவனின் கைவிட்டுப் போகவில்லை.

நம் ஹாக்கிக்கு நேர்ந்தது வேறு. மாண்ட்ரியல் ஆட்டம் நிகழ்ந்து சரியாக நூறாண்டு கழிந்து, 1975 மார்ச்சில் கோலாலம்பூரில் உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி நடந்தது. அரையிறுதியில் மலேசியாவும் இந்தியாவும் எதிர்நின்றன. மகேந்திரனும் ஸ்ரீ சண்முகநாதனும் மலேசிய அணியினர். தமிழகத்தின் பிலிப்ஸ் இந்திய அணியினர். மலேசியா 2-1 என முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே எஞ்சியிருந்தபோது, மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லாம் ஷேர் கான் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோல் நம் கனவை முடித்தது. இந்தியா கிண்ணத்தை வென்றது. மலேசியா நான்காம் இடம் பெற்றது. அதனினும் உயர்ந்த இடத்தை அப்போட்டியில் நாம் இதுவரை எட்டியதில்லை. அந்த அரையிறுதியைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டே என் தலைமுறை வளர்ந்தது.

அடுத்த ஆண்டே தரை மாறிற்று. 1976இல் அதே மாண்ட்ரியல் நகரில் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஆடப்பட்டது. 1928 முதல் எந்த ஒலிம்பிக்கிலும் பதக்கமின்றித் திரும்பாத இந்தியா அங்கே ஏழாம் இடத்திற்கு இறங்கியது. அவ்விடத்திற்காக அது மோதிய அணி எது தெரியுமா? மலேசியா! முந்தைய ஆண்டு உலகக் கிண்ண அரையிறுதியில் நின்ற இருவரும் ஏழாம் இடத்திற்கும் எட்டாம் இடத்திற்கும் போராடினர். தரை ஒன்றே காரணம் என்று நான் கூறேன். ஆயினும் மேடுபள்ளமான புல்லில் பந்தைக் கோலோடு அணைத்துச் செல்லும் கலை, வழுவழுப்பான தளத்தில் பாதி மதிப்பை இழந்தது. வேகமும் வன்மையும் அதன் இடத்தைப் பிடித்தன.

இம்மாற்றத்தின் பொருளை நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உணர்ந்தேன். கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்காக மூன்று மாதம் மாலைதோறும் புல் திடலில் பயின்றோம். போட்டியோ செயற்கைத் தளத்தில். எங்கள் முன்கள ஆட்டக்காரர் கைக்குப் பந்து வந்து சேர்வதற்குள் எதிரணியினர் அதனைக் கடத்திச் சென்றனர். நான்கு கோல்கள் வாங்கித் திரும்பினோம். எங்கள் பயிற்றுநர் யாரையும் கடிந்து கொள்ளவில்லை. "நீங்கள் ஆட்டத்தில் தோற்கவில்லை, தரையில் தோற்றீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

அச்சொல்லை நான் தலைமையாசிரியனான பின்னும் மறக்கவில்லை. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றிற்கு முழு அளவுத் திடலே கிடையாது. செயற்கைத் தளத்திற்கு எங்கே போவது? மாலையில் டத்தோ கிராமாட் சாலை வழியே செல்கையில் பாடாங் பிரவுனின் பச்சையைக் காண்கிறேன். பிரவுன் குடும்பத்தார் பொதுமக்களுக்கென விட்ட நிலம் அது. நகரின் நெருக்கத்திடையே யாரோ ஒருவர் பிள்ளைகளுக்கென்று தரையை ஒதுக்கினால், அது எத்தனை தலைமுறைக்கு உதவுகிறது!

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. தமிழகத்தின் கோவில்பட்டி, தலைமுறை தலைமுறையாக ஹாக்கியைப் போற்றிய சிறு நகரம். அங்கே செயற்கைத் தளமும் பயிற்சி மையமும் அமைந்தன. அங்குப் பயின்ற கார்த்தியும் மாரீசுவரனும் 2022ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணப் போட்டியில் இந்தியச் சீருடை அணிந்தனர். தரை வந்தது, பிள்ளைகள் வந்தனர்.

நம் நாட்டிலும் ஒரு வழி தென்படுகிறது. அணிக்கு ஐவர் ஆடும் சிறுகள ஹாக்கி இப்போது பரவி வருகிறது. அதற்கு ஏறத்தாழப் பாதியளவுத் தளம் போதும். 2024 சனவரியில் ஓமானின் மஸ்கட் நகரில் நடந்த அதன் முதல் உலகக் கிண்ணப் போட்டியில் மலேசிய ஆடவர் இறுதியாட்டம் வரை சென்று, நெதர்லாந்திடம் 5-2 எனத் தோற்று இரண்டாம் இடம் பெற்றனர். பெருந்திடல் இல்லாத பள்ளியும் தன் முற்றத்தில் இதன் அரிச்சுவடியைக் கற்பிக்கலாம்.

ஆசிரியராகப் போகும் இளைஞர்க்கு நான் சொல்ல விரும்புவது இதுவே. திறமையில்லை என்று ஒரு மாணவனைத் தள்ளுமுன், அவன் நிற்பதற்குத் தரை கொடுத்தோமா என்று கேளுங்கள். ஹாக்கிக்கு மட்டும் உரிய வினா அன்று இது. நூலகமில்லாப் பள்ளியில் வாசிப்பையும், மேடையில்லாப் பள்ளியில் பேச்சையும் நாம் எதிர்பார்க்கிறோம். கோலை ஏந்துவது மாணவன் கடமை. தரையை அமைத்துத் தருவது நம் கடமை.