ஊர் தவறிய ஒரு வரி

அயலூரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்திற்கு விருந்தினர் வரவு குறைவதில்லை. சித்தூரில் வாழும் எங்கள் இல்லத்திற்கு முன்பெல்லாம் திருமலைக்குச் செல்லும் உறவினரே வருவர். இப்போது கல்லூரியில் இடம் தேடும் பிள்ளைகளும் பெற்றோருடன் வருகின்றனர். அவர்கள் கேட்பதற்கெல்லாம் தனித்தனியே விடை கூறுவதினும், யாவரும் காண எழுதி வைத்தல் நன்றன்றோ என்று எண்ணினோம்.

அதற்கு இணையத்தில் ஓர் இடம் உண்டு. விக்கிவாயேஜ் என்னும் பயணக் கையேட்டில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். ஊருக்கு ஒரு பக்கம். அதில் ஒவ்வோர் இடத்தின் பெயர், முகவரி, செல்லும் வழி ஆகியவற்றைக் குறிக்கலாம். விளம்பரப் புகழுரைக்கு அங்கே இடமில்லை. 2021ஆம் ஆண்டு விடுமுறை நாளொன்றில் நாங்களும் பல்கலைக்கழகங்களைச் சேர்த்தோம். முகவரியில் 'சித்தூர் மாவட்டம்' என்று கண்டவற்றையெல்லாம் சித்தூர் நகரத்தின் பக்கத்திலேயே எழுதினோம். ஊருக்கு உழைத்தோம் என்ற நிறைவுடன் உறங்கினோம்.

ஈராண்டு கழிந்தது. ஒருநாள் நண்பகலில், திருவண்ணாமலையிலிருந்து உறவினர் ஒருவர் தம் மகளுடன் எங்கள் வாயிலில் வந்து நின்றார். காட்பாடி வழியாகத் திருப்பதி செல்லும் வண்டியில் வந்து, சித்தூரில் இறங்கி, இல்லாத பல்கலைக்கழகத்தைத் தெருத்தெருவாகத் தேடியிருக்கிறார்கள். அதே வண்டியில் அமர்ந்திருந்தால் பாகாலையைக் கடந்து திருப்பதியிலேயே இறங்கியிருப்பார்கள். மகளின் சான்றிதழ்களைச் சரிபார்க்க அன்று மாலையே கடைசி நேரம்.

அவர் ஒரு தாளை எங்களிடம் நீட்டினார். "இதை எழுதினவர் சித்தூரைக் கண்ணால் கண்டதே இல்லை போலும், அண்ணா" என்றார். அதிலிருந்தவை எங்கள் வரிகள்!

வாய் திறக்கவில்லை. வாடகைக் கார் பிடித்து, சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்து, நேரம் முடியுமுன் அவர்களைக் கொண்டு சேர்த்தோம். திரும்பும் வழியெல்லாம் அந்தப் பெண் களைப்பால் உறங்கினாள். எங்களுக்கோ அவள் முகத்தைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது. இரவு உணவின்போதுதான் உண்மையைச் சொன்னோம். உறவினர் சினக்கவில்லை. "திருத்திவிட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவே திருத்தினோம். 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்திற்குள்தான் திருப்பதி நெடுங்காலம் இருந்தது. 1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 1983இல் தோன்றிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் அம்முகவரியையே தாங்கி நின்றன. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. பழைய தாள்கள் மாறவில்லை. 2015இல் தொடங்கிய ஐ.ஐ.டி.யின் பெயரில் திருப்பதி இருப்பினும், அதன் வளாகம் ஏர்ப்பேட்டில் உள்ளது. 1997இல் அமைந்த திராவிடப் பல்கலைக்கழகமோ சித்தூர் மாவட்டத்ததே. ஆயினும் அது இருக்கும் குப்பத்திற்குச் சித்தூர் வர வேண்டியதில்லை. ஜோலார்ப்பேட்டை–பெங்களூர் இருப்புப்பாதையிலேயே குப்பம் நிலையம் உண்டு. இவ்வளவும் அறிந்திருந்தும், மாவட்டம் வேறு, ஊர் வேறு என்பதை எழுதும்போது மறந்தோம்.

'செல்லும் வழி' என்ற பகுதியை அந்தப் பெண்ணையே எழுதச் சொன்னோம். "சித்தூரில் இறங்க வேண்டாம், திருப்பதி வரை செல்க" என்று அவள் எழுதினாள். நாங்கள் எழுதிய அனைத்திலும் பயனுள்ள வரி அதுவே.

அன்பர்களே, நீங்கள் வாழும் ஊரைப் பற்றியும் எவரேனும் எங்கேனும் எழுதியிருப்பர். ஓய்வு வேளையில் அதனைப் படித்துப் பாருங்கள். பிழை கண்டால் திருத்துங்கள். அவ்வரியை நம்பி எங்கோ ஒரு தந்தை பயணச்சீட்டு வாங்கிக்கொண்டிருக்கலாம்.