வயது ஒன்றே சான்றாகட்டும்

காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரி உடைத்தே விரல் கறுத்த மூதாட்டிகளை நாம் அறிவோம். தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கி, 2023இல் 1,200 ஆயிற்று. தொகை வளர்ந்தும், ஆதரவற்றவர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதியவர் தலையிலேயே நின்றது.

வசதியுள்ளவர்க்கு எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஆனால் மகனின் மாடிவீடு தாயின் சுருக்குப்பையில் காசாக விழுவதில்லை. பிள்ளை கைவிட்டான் என்று அலுவலகத்தில் சொல்ல அவளுக்கு நாவெழுவதுமில்லை.

1997இல் நடுவணரசு ரேஷனை ஏழை, ஏழையல்லாதார் எனப் பிரித்தபோது, தமிழகம் எல்லோருக்கும் என்றே நின்றது. அரிசி வேண்டாதவர் தாமே ஒதுங்கினர். வாங்கியவர் தம் வறுமையை விளக்க நேரவில்லை.

முதியோர்க்கும் வயது ஒன்றே சான்றாகட்டும். வசதியுள்ளவரிடம் வரியாக மீட்கலாம். தேவையில்லாத சிலருக்குப் பணம் போவதைவிட, ஒரு தாய் கேட்கக் கூசித் திரும்புவதே நமக்குப் பேரிழப்பு.