தீப்பெட்டியும் கிராபிக்ஸ் கார்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

போன ஆடி கடைசி வெள்ளிக்குப் பேத்தி இருக்கன்குடிக்கு வந்திருந்தாள். மதுரையில் அனிமேஷன் படிக்கிறாள். கூட்டத்தில் நசுங்கி அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஆற்று மணலில் நடந்து வரும்போது மெல்ல ஆரம்பித்தாள்.

“தாத்தா, கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கணும்.”

“எவ்வளவும்மா?”

“அறுபதாயிரம் ஆகும் தாத்தா.”

நான் நின்றுவிட்டேன். கையகலப் பலகை ஒன்றுக்கு அறுபதாயிரமா?

வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளை வேறு விதமாகப் பேசினார். அவர் போட்டிருக்கும் மியூச்சுவல் ஃபண்டில் அமெரிக்கப் பங்குகளும் உண்டு. “அந்த என்விடியா கம்பெனி பிரமாதமா சம்பாதிக்குது மாமா. வாங்குறவங்களும் சந்தோஷப்படணும். லாபம் வந்தாத்தானே ஆராய்ச்சி பண்ணி அடுத்த கார்டை இன்னும் நல்லா செய்வான்?”

பேத்தி விடவில்லை. “உங்களுக்கு ஃபண்டு ஏறுது. எனக்கு விலை ஏறுதுப்பா.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவன் ஆயிற்றே! “கணக்கைப் பாத்துட்டுச் சொல்றேன்” என்று தப்பித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் யோசனை ஓட ஆரம்பித்தது.

முதலில் நம்ம ஊர்ச் சரக்கிலிருந்து வருகிறேன்.

நான் 1982ல் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறந்தாலே மனசு கனக்கும். பேர் இருக்கும், பிள்ளை இருக்காது. விடியுமுன் வேன் வந்து தீப்பெட்டி ஆபீசுக்கு அள்ளிக்கொண்டு போயிருக்கும். பெட்டி ஒட்ட, குச்சி அடுக்க என்று சின்ன விரல்களுக்குத்தான் அங்கே கிராக்கி. வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவேன். “சார், இவ கூலி இல்லாட்டி அடுப்பு எரியாது” என்பார்கள். தீப்பெட்டி செய்கிற வீட்டில் அடுப்பு எரியவில்லை! குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986ல் வந்தது. அதற்கப்புறமும் பெஞ்சுகள் நிறையப் பல வருடம் பிடித்தது.

அந்தக் காலத்தில் இந்தியா முழுக்கத் தீப்பெட்டி வாங்கியவர்கள் “பரவாயில்லை, மலிவாக இருக்கிறது” என்றுதான் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அந்த மலிவுக்குப் பணம் கட்டியது என் வகுப்பிலிருந்த காலி பெஞ்சுகள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அதனால், செய்கிறவனுக்கு லாபம் இல்லாவிட்டால் வாங்குகிறவனுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2007ல் ஒரு ரூபாய் ஆன தீப்பெட்டி, 14 வருடம் அதே ஒரு ரூபாயில் நின்றது. மெழுகு, பாஸ்பரஸ், அட்டை, காகிதம், டீசல் எல்லாம் ஏறின. 600 பெட்டிக் கட்டை 270 முதல் 300 ரூபாய்க்கு ஆபீசிலிருந்து அனுப்பினார்கள். ஒரு பெட்டிக்கு 45 முதல் 50 பைசா. அதில் லாபம் எங்கே, கூலி உயர்வு எங்கே? 2021 டிசம்பர் 1 முதல் விலை இரண்டு ரூபாய் ஆனபோது சாத்தூர் கடைகளில் முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை.

இப்போது மறுபக்கம். லாபம் வேண்டும் சரி, எவ்வளவு வேண்டும்?

பேத்தியை வைத்து என்விடியாவின் கணக்கை எடுக்கச் சொன்னேன். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் விற்பனை 13,050 கோடி டாலர். நிகர லாபம் சுமார் 7,290 கோடி டாலர். அதாவது நூறு ரூபாய்க்கு விற்றால் 56 ரூபாய் லாபம். நம் பக்கத்தில் எந்த ஆபீஸ் முதலாளியிடமும் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்.

மாப்பிள்ளை சொன்ன ஆராய்ச்சியையும் பார்த்தேன். அந்த வருடம் ஆராய்ச்சிக்குச் செலவு சுமார் 1,290 கோடி டாலர். பெரிய தொகைதான். ஆனால் மாணவர்களே, இங்கே ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது. ஆராய்ச்சிச் செலவைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம். ஆகவே அந்த 7,290 கோடி இல்லாவிட்டால் ஆராய்ச்சி நின்றுவிடும் என்பது சரியில்லை. அதே வருடம் பங்குகளைத் திரும்ப வாங்கவும் டிவிடெண்டுக்கும் அவர்கள் கொடுத்தது சுமார் 3,450 கோடி. ஆராய்ச்சிக்குப் போனதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பேத்தி மாதிரிப் பிள்ளைகள் வாங்கும் கேமிங் பிரிவின் விற்பனை நூற்றுக்கு ஒன்பது ரூபாய்கூட இல்லை. ஏஐ வேலைக்கான டேட்டா சென்டர் சரக்கில்தான் அந்த வருடம் எண்பத்தெட்டு ரூபாய் வந்தது. நல்ல லாபம் வருகிற பக்கம்தான் எந்த வியாபாரியின் கவனமும் போகும். ஒன்பது ரூபாய்க்காரர் வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

அந்தச் சிப்பை வாங்கிக் கார்டாகச் செய்து விற்கிற கம்பெனிகள் வேறு. அவர்களுக்கு இந்தக் கொள்ளை லாபம் கிடையாது. ஈவிஜிஏ என்று அமெரிக்காவில் பேர்பெற்ற ஒரு கம்பெனி 2022ல் இனிமேல் கிராபிக்ஸ் கார்டே செய்வதில்லை என்று அறிவித்தது. அவர்கள் சொன்ன காரணங்களில் லாபம் மெலிந்துபோனதும் ஒன்று. மருந்து விலைக்கும் விற்பனை விலைக்கும் நடுவில் நசுங்கும் நம்ம ஊர் சின்ன ஆபீஸ்காரர்தான் எனக்கு ஞாபகம் வந்தார்.

அப்படியானால் பெரிய லாபம் என்றாலே கெட்டதா? அதுவும் இல்லை. ஆடி கடைசி வெள்ளிக்கு இங்கே ஒருவர் இளநீர் விற்று நன்றாகச் சம்பாதித்தால், அடுத்த வருடம் பத்துப் பேர் வண்டியோடு வந்து நிற்பார்கள். விலை தானாக இறங்கும். அந்த முதல் ஆளின் லாபம்தான் மற்றவர்களுக்குப் பத்திரிகை வைத்தது. வாங்குகிறவனுக்கு அது நல்ல செய்தி.

சிவகாசியே அப்படிப் பிறந்த ஊர்தானே. 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதே சமயத்தில் சுவீடன்காரர்கள் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, அதாவது விம்கோ என்ற பேரில் இந்தியாவில் இறங்கினார்கள். உலகமெங்கும் தீப்பெட்டிச் சந்தையை வளைத்துப்போட்ட கூட்டம் அது. அதன் தலைவர் ஈவர் க்ரூகர் அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்து, பதிலுக்குத் தீப்பெட்டி விற்கும் தனி உரிமையை எழுதி வாங்குவார். அப்படி ஜெர்மனியில் 1930ல் வந்த ஏகபோகம், அவர் 1932ல் இறந்த பிறகும் 1983 வரை நீடித்தது! நம் நாட்டில் கதவு அடைபடவில்லை. அதனால் கரிசல் காட்டு மனிதர்கள் உள்ளே நுழைய முடிந்தது.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி லாபம் எவ்வளவு என்பது மட்டுமில்லை. அந்த லாபத்தைப் பார்த்து இன்னொருவர் கடை போட முடியுமா என்பதுதான்.

கிராபிக்ஸ் சிப் தொழிலில் அந்தக் கதவு ரொம்பக் கனம். சிப்பை வார்த்துக் கொடுப்பது பெரும்பாலும் தைவானின் டிஎஸ்எம்சி. அதற்கான நுட்பமான ஒளி இயந்திரத்தை உலகிலேயே நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் ஒன்றுதான் செய்கிறது. போதாததற்கு ‘கூடா’ என்ற தன் மென்பொருளில் என்விடியா பல வருடமாக உலகத்தைப் பழக்கி வைத்திருக்கிறது. ஏஎம்டி இருக்கிறது, இன்டெல்லும் 2022ல் மறுபடி இறங்கியிருக்கிறது. அவர்கள் நன்றாக வளர்ந்தால் இன்றைய லாபத்தை நாளைக்கு வாழ்த்தலாம். வளராவிட்டால் அது நாம் வருடா வருடம் கட்டுகிற வரி மாதிரிதான்.

மறுநாள் இதைச் சொன்னேன். மாப்பிள்ளை, “ஆராய்ச்சி விஷயத்தை நான் அப்படி யோசிக்கல மாமா” என்றார். பேத்தி, “அப்ப கார்டு?” என்றாள்.

சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்யும் பழைய மாணவனுக்குப் போன் போட்டேன். “சார், அவங்க படிப்புக்குப் போன தலைமுறை கார்டே போதும். எங்கிட்ட ஒண்ணு சும்மாதான் கிடக்கு, கொண்டு வந்து தர்றேன்” என்றான். பணம் வாங்க மறுத்தான். நான் விடவில்லை, நியாயமான விலையைக் கையில் திணித்தேன். அவனுக்கும் ஏதோ மிஞ்ச வேண்டுமே.

1980களில் என் பதிவேட்டில் அடிக்கடி ‘வரவில்லை’ என்று குறிக்கப்பட்ட பேர்களில் அவன் பேரும் ஒன்று.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள். மாறுபட்டுச் சொன்னாலும் சந்தோஷம்தான்.