மூன்றாம் வகுப்பில் அகரம்

2021ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளை உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் மறந்திருக்கலாம். என்னால் மறக்க இயலாது. கொரோனாவினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழகத் தொடக்கப் பள்ளிகள், ஏறத்தாழ 19 மாதங்களுக்குப் பின் திறக்கப்பட்ட நாள் அது.

நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. முகக்கவசம், கை கழுவச் சோப்பு, பெஞ்சுக்கு எத்தனை பேர் என்றெல்லாம் ஒரு வாரம் திட்டமிட்டோம். எழுத்தைப் பற்றி எவரும் பேசவில்லை, நானுந்தான். எண்ணிப் பாருங்கள்! முதல் வகுப்பை முடிக்காமலே வீடு சென்ற பிள்ளைகள், இரண்டாம் வகுப்பின் வாசலையே மிதிக்காமல் என் முன் அமர்ந்திருந்தனர்.

ஒரு சிறுவன் முதற் பாடத்தைத் தங்கு தடையின்றி வாசித்தான். மகிழ்ந்து பாராட்டினேன். மறுநாள் அருகில் சென்றபோதுதான் கண்டேன்: விரல் ஒரு வரியில், வாய் வேறு வரியில்! லாத்தா உரக்கப் படிக்கக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான்.

புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு அகரத்திலிருந்து தொடங்கினேன். அவனுடைய உம்மா கோபத்துடன் வந்தார். "மூணாங் கிளாஸ் பிள்ளைக்கு ஆனா ஆவன்னாவா டீச்சர்?" பாடத்தின் நடுவே ஒரு சொல்லைக் காட்டி மகனிடம் கேட்கச் சொன்னேன். அவன் தலை குனிந்தான். அந்தத் தாயின் முகம் வாடியது. பிள்ளையை வைத்துக்கொண்டு நான் அதைச் செய்திருக்கக் கூடாது.

மாலையில் நடந்த 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்பில் அவரே அவனைச் சேர்த்துவிட்டார். 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்து பள்ளியை மீண்டும் மூடியது. பிப்ரவரி முதல் நாள் திரும்பி வந்தவன், கரும்பலகையில் நான் எழுதியிருந்த மாதத்தின் பெயரைத் தானாகவே எழுத்துக் கூட்டினான்: "பி... ப்... ர... வரி!"