பெயர் பொறிக்காத கிண்ணம்

வலயமட்ட வலைப்பந்தாட்டப் போட்டியில் எமது கல்லூரி அணி இவ்வருடம் இரண்டாமிடம் பெற்றது, அல்ஹம்துலில்லாஹ்.

அணிக்கு ஏழு பேர். வளையத்துக்குள் பந்தெறியும் உரிமை அவர்களுள் இருவருக்கே உண்டு. நான் காப்பாளர், எதிரணியைத் தடுப்பதே என் வேலை. என் பெயரில் ஒரு புள்ளியும் விழாது.

உயர்தரப் பரீட்சை நெருங்குவதால் வாப்பா சம்மதக் கடிதத்தை இரண்டு நாட்கள் மேசையிலேயே வைத்திருந்தார். "பாடமும் பிந்தக்கூடாது, தொழுகையும் தவறக்கூடாது" என்று சொல்லித்தான் கையொப்பமிட்டார். அன்றிலிருந்து சுபஹுக்குப் பின் ஒரு மணித்தியாலம் பொருளியல் படித்தேன். நீண்ட காற்சட்டையும் பர்தாவும் அணிந்தே ஏழு பேரும் ஆடினோம்.

2018இலும் 2022இலும் ஆசியச் சம்பியனான இலங்கை அணியில் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் புள்ளிகளைக் குவித்தார். அவர் கைக்குப் பந்தைக் கொண்டு சேர்த்தவர்களும் அங்கே ஆடினார்கள்.

எங்கள் கிண்ணத்திலும் பெயர் பொறிக்கப்படாதோர் பலர். கையொப்பமிட்ட பெற்றோர் அவர்களுள் முதல்வர்.