ஏறிப் பறிக்கும் தேயிலை

ஜிங்மாய் மலையில் கொழுந்து பறிக்கும் அந்த அம்மாவை அண்ணாந்துதான் பார்க்க முடிந்தது. பாசி படர்ந்த கிளைக் கவட்டில் காலை ஊன்றி, தோளில் துணிப்பை தொங்க, நுனிக்கிளையை வளைத்துப் பிடித்திருந்தார். அறுபது வயதிருக்கும். நீலகிரியில் இடுப்பளவுச் செடிகளையே பார்த்துப் பழகிய எனக்கு, இதுவும் தேயிலைதான் என்று மனதில் பதியச் சற்று நேரமாயிற்று. அசாம் வகைச் செடி கவாத்துக் கத்தி படாமல் வளர்ந்தால் இப்படித்தான் மரமாகும்.

சீனாவின் யுன்னான் மாநிலத்தில், பூஅர் வட்டாரத்து லான்சாங் பகுதியில் இருக்கிறது இந்த மலை. புலாங், டாய் இன மக்கள் சுமார் ஆயிரம் ஆண்டுகளாக இங்கே தேயிலை வளர்க்கிறார்கள். 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஐந்து பழந்தேயிலைக் காடுகளும் ஒன்பது ஊர்களும் அதில் அடங்கும்.

கடைகளில் இதைக் 'காட்டுத் தேயிலை' என்று விற்கிறார்கள். அந்தப் பெயரை என்னால் ஏற்க முடியவில்லை. காட்டின் பெருமரங்களை நிழலுக்கு விட்டு, அடியில் இருந்த புதர்களை அகற்றி, அங்கே தேயிலையை நட்டவர்கள் இந்த மக்களின் முன்னோர். உதிரும் சருகே உரம். பூச்சிகளைப் பறவையும் சிலந்தியும் பார்த்துக்கொள்கின்றன. சில கிளைகளில் நண்டுக்கால் போன்ற புல்லுருவி தொங்குகிறது. அதையும் பறித்துக் காயவைத்து விற்கிறார்கள். இவ்வளவையும் தானாக முளைத்தது என்று சொன்னால் தலைமுறைகளின் உழைப்பு எங்கே போகும்?

சாயங்காலம் அந்த அம்மாவின் வீட்டு அடுப்படியில் இருந்தேன். மூங்கில் தட்டில் வாடிய இலையை, விறகடுப்பில் சாய்வாகப் பதித்த பெரிய இரும்புச் சட்டியில் மகன் கொட்டினார். கையுறை போட்ட இரு கைகளாலும் அள்ளி, உதறி, புரட்டினார். கை நிற்கவே இல்லை. சூடு கூடினால் விளிம்பு கருகும். குறைந்தால் காம்பு சிவந்துவிடும். வெப்பமானி எதுவும் இல்லை. பச்சை வாடை போய் இனிய மணம் எழுந்த நொடியில் இறக்கிவிட்டார். பிறகு பாயில் கொட்டி உருட்டிப் பிசைந்தார்கள். மறுநாள் வெயிலில் காயவைத்தார்கள்.

அனலில் காயவைக்காமல் வெயிலில் உலர்த்துவதில்தான் சூட்சுமம். இலைக்குள் உயிர்ப்பு கொஞ்சம் மிஞ்சுகிறது. அதனால் பூஅர் தேயிலை வருடக்கணக்கில் மெல்ல மாறிப் பக்குவப்படுகிறது. காய்ந்த இலையை ஆவி காட்டி, துணிப்பையில் கட்டி, கல்லின் கீழ் அழுத்தி வட்டமாக்குகிறார்கள். வழக்கமான வட்டம் 357 கிராம். ஏழு வட்டங்களை மூங்கில் மடலில் சுற்றினால் ஒரு கட்டு.

2007இல் பூஅர் தேயிலை விலை உச்சிக்குப் போய் அதே ஆண்டில் சரிந்தது. விலை ஏறும்போது மரத்தை மொட்டையாக்கத்தான் கை போகும். "மழைக்காலத்துல நாங்க பறிக்கிறதில்ல. மரம் ஓய்வெடுக்கணும்" என்றார் அம்மா. கால்நடையை வைத்துவிட்டுப் போனால் நோயில் சாகும், பொன்னை வைத்துவிட்டுப் போனால் செலவாகிவிடும் என்று எண்ணி, புலாங் மக்களின் மூதாதை பா அய்லெங் தேயிலை மரங்களை விட்டுச் சென்றதாக ஒரு கதை உண்டு. தோட்டத்துக்கு ஒரு மரத்தை ஆன்ம மரமாக வைத்து இன்றும் வணங்குகிறார்கள்.

ஆயிரம் ஆண்டு மரத்துத் தேயிலை என்று யாராவது மலிவாக நீட்டினால், எந்த ஊர், எந்தப் பருவம் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். நான்கு கிலோ பச்சை இலை காய்ந்தால் ஒரு கிலோதான் மிஞ்சும். அந்த அம்மா பகல் முழுக்க மரம் மரமாக ஏறிப் பறித்தது, காய்ந்தபின் இரண்டு கிலோ தேறவில்லை.