பட்டி பூசினால் சரியாகிவிடுமா?

எங்கள் குழுவிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. நான்கு பேர் காசு போட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கிராமங்களுக்குப் போவது, வாய்தா நாளில் சாட்சிகளை நீதிமன்றத்துக்கு அழைத்துப்போவது, ராத்திரியில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்ப்பது எல்லாம் அதில்தான். போன மழைக்காலத்தில் ஓர் இரவு, குறுக்கே ஓடிய ஆட்டுக்காக ஒதுங்கியதில் காரின் இடதுபக்க முன்பகுதி பாலத்துக் கட்டைச்சுவரில் மோதியது. யாருக்கும் அடியில்லை. ஆனால் ஹெட்லைட் உடைந்தது. மட்கார்டு நசுங்கிச் சக்கரத்தில் உரசியது.

பட்டறையில் கேட்ட தொகை எங்களிடம் இல்லை. இன்சூரன்ஸும் மூன்றாம் தரப்புக்கு மட்டும்தான். வீட்டு வாசலிலேயே நிமிர்த்திவிடலாம் என்று சுத்தியலோடு இறங்கினோம்.

முதல் அடியே தப்பு. பள்ளம் எங்கே ஆழமாக இருந்ததோ, அங்கேயே உள்பக்கமிருந்து ஓங்கி ஓங்கி அடித்தோம். பள்ளம் போகவில்லை, அதன் நடுவில் ஒரு புடைப்பு முளைத்தது. சத்தம் கேட்டு எதிர்வீட்டு அண்ணன் வந்தார். முப்பது வருடம் டிங்கர் வேலை பார்த்தவர், இப்போது வேலைக்குப் போவதில்லை.

“தம்பி, மொதல்ல சுத்தியலக் கீழ வைங்க. அடி எந்தப் பக்கமிருந்து வந்துச்சு, எப்படி உள்ள போச்சுன்னு பாருங்க. போன வழியிலதான் அது திரும்பி வரணும்.”

மோதும்போது ஆழமான பள்ளம்தான் முதலில் விழுகிறது. அதைச் சுற்றியிருக்கும் வரப்பு போன்ற மடிப்புகள் அதற்குப் பிறகு எழும்புகின்றன. எடுக்கும்போது கடைசியாக வந்த மடிப்பைத்தான் முதலில் எடுக்க வேண்டும். மடிப்புகள்தான் பள்ளத்தைப் பிடித்துவைத்திருக்கின்றன. மடிந்த இடத்தில் தகடு இறுகிப்போயிருக்கும். அதை விட்டுவிட்டுப் பள்ளத்தை அடித்தால் தகடு நீளும், நிமிராது.

போல்ட்டுகளைக் கழற்றி மட்கார்டைத் தனியாக எடுக்கச் சொன்னார். சாக்பீஸால் மேடுகளைக் குறித்தார். பள்ளத்துக்குப் பின்னால் கனமான இரும்புக்கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்து மேட்டில் வெளியிலிருந்து லேசாகத் தட்ட வேண்டும். மேடு இறங்கும்போது பள்ளம் தானாக மேலே வரும். நூறு சின்னத் தட்டல்கள், ஓங்கி ஒரு அடிகூடக் கிடையாது. பத்துத் தட்டலுக்கு ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். எங்கள் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த இடத்தில் அவர் கைக்கு மேடு தட்டுப்பட்டது.

நாங்கள் அடித்துக் கெடுத்த இடம் மட்டும் அழுத்தினால் டொக்கென்று உள்ளே போய் வெளியே வந்தது. நீண்டுவிட்ட தகடு அது. தெரிந்தவர் பட்டறைக்கு எடுத்துப்போய், காசு அளவு இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, ஈரத்துணி வைத்துச் சுருக்கிக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் பட்டி. அதுவும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கூடாது என்றார். கனமாக அப்பினால் விரிசல் விடும், அடியில் துரு பிடிக்கும்.

உப்புத்தாள் தேய்க்கும்போது எங்களை மாஸ்க் போடவைத்தார். அவர் காலத்தில் யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. இரண்டு பாகம் கலந்து அடிக்கிற பெயிண்டில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, அது ஆஸ்துமா வரவைக்கும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது என்று நாங்கள் படித்ததைச் சொன்னோம். “மொதலாளிக்கு யாராவது சொல்லியிருக்கலாம்” என்றார்.

மட்கார்டு நன்றாகவே வந்தது. மாட்டியும் விட்டோம். இடதுபக்க முன்கதவைத்தான் தூக்கிச் சாத்த வேண்டியிருந்தது. அவர் பானட்டைத் திறந்து, இன்ஜின் அறையின் மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடித்தார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை. உள்ளே சட்டமே நகர்ந்திருந்தது.

“கதவுக் கீலைக் கொஞ்சம் தள்ளிவெச்சா சாத்திக்குமே அண்ணே, பெயிண்ட் அடிச்சா யாருக்குத் தெரியப்போகுது?” என்று கேட்டது எங்களில் ஒருவர்தான்.

“இந்தப் பக்கம் யாரு உக்காருவாங்க?”

யாரும் பதில் சொல்லவில்லை. மறுவாரம் அந்த இருக்கையில் உட்கார்ந்து வரவேண்டியவர், மிரட்டலுக்குப் பயப்படாமல் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்ட ஓர் அக்கா.

விபத்தில் காரின் முன்பகுதி மடிந்து அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆட்கள் இருக்கும் கூடு மடியாமல் நிற்க வேண்டும். இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கியவர் பேலா பாரெனி என்ற பொறியாளர். 1959இல் வந்த மெர்சிடிஸ் காரில் அது நடைமுறைக்கு வந்தது. மடிய வேண்டிய சட்டத்தை வீட்டில் காய்ச்சி அடித்து நேராக்கினால், பார்க்க நேராக இருக்கும். அடுத்த மோதலில் எப்படி மடியும் என்று சொல்ல முடியாது.

காரை நிறுத்தினோம். இரண்டு மாதம் பஸ்ஸில் அலைந்தோம். அந்த அக்காவோடும் பஸ்ஸில்தான் போனோம். பணம் சேர்த்தபின், சங்கிலி கட்டி அளவுபார்த்து இழுக்கிற வசதியுள்ள பட்டறையில் சட்டத்தைச் சரிசெய்தோம். அண்ணன் கூலி கேட்கவில்லை. டிங்கர் கூலி எவ்வளவு என்று வெளியே விசாரித்து அதைக் கொடுத்தோம். கைவேலைக்கு ‘உதவி’ என்று பெயர் வைத்துக் கூலியை விழுங்குகிற வழக்கம் நம்மிடமிருந்தாவது ஒழியட்டும்.

ஊரில் அடிதடி நடந்தபின் அமைதிக் கூட்டம் போட்டு, இரண்டு தரப்பையும் கைகுலுக்கவைத்துப் போட்டோ எடுக்கிறார்களே, அங்கே போகும்போதெல்லாம் இப்போது அந்த நூல் நினைவுக்கு வருகிறது. பட்டியும் பெயிண்டும் ஒரே நாளில் முடிகிற வேலை. அடி எங்கிருந்து வந்தது, உள்ளே எது நகர்ந்தது என்று பார்க்க நாளாகும்.

தோழர்களே, மட்கார்டு ஒடுங்கினால் தாராளமாக வீட்டில் முயன்று பாருங்கள். பானட்டைத் திறந்து குறுக்களவு எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். நாங்கள் அதைக் கடைசியில்தான் செய்தோம்.